சார்ஜென்ட் பெர்சனின் பதக்கம்: குதிரையேற்றத்தில் 'அமெச்சூர்' என்ற சொல்லின் வரலாறு

1948 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஆல்டர்ஷாட் படைத்தளத்தில் நடைபெற்றன. 'டிரெஸ்ஸாஜ்' என்னும் பிரிவின் குழுப் போட்டியில் சுவீடன் தங்கம் வென்றது. குஸ்டாஃப் அடால்ஃப் போல்டன்ஸ்டேர்ன், ஆன்றி சான் சீர், கெனல் பெர்சன் ஆகிய மூவர் அக்குழுவினர். மறு ஆண்டு ஏப்ரலில், அதாவது எட்டு மாதங்களுக்குப் பின்னர், அந்தத் தங்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்கு வழங்கப்பட்டது. குதிரைக்கு மருந்து கொடுத்த குற்றம் எதுவுமில்லை. நடுவர்கள் தவறாகக் கணக்கிட்டதாகவும் புகாரில்லை. பெர்சன் என்ற வீரர் படை அதிகாரி அல்லர், வெறும் சார்ஜென்ட் என்பதே காரணம். அவர் தனிநபர் பிரிவில் பெற்ற ஆறாம் இடமும் உடன் நீக்கப்பட்டது.

அக்கால விதியின்படி ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் கலந்துகொள்பவர் 'அமெச்சூர்' ஆக இருத்தல் வேண்டும். படையைச் சேர்ந்தவராயின், அரசாணை பெற்ற அதிகாரிக்கு மட்டுமே அத்தகுதி உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட சார்ஜென்ட் 'தொழில்முறையாளர்' எனக் கருதப்பட்டார். சுவீடன் படையினர் இத்தடையைக் கடக்க ஓர் உபாயம் செய்தனர். போட்டிக்குச் சற்று முன்னர் பெர்சனுக்கு அதிகாரிப் பதவி அளித்தனர். போட்டி முடிந்த சில வாரங்களில் அவரை மீண்டும் சார்ஜென்ட் ஆக்கினர். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதனை அறிந்து தண்டித்தது. விதியை ஏமாற்றிய குற்றம் சுவீடனுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நிகழ்வு அதைவிடப் பெரிய ஒரு கேள்வியை எழுப்புகிறது. தோள்பட்டையில் ஒரு பட்டை கூடினாலும் குறைந்தாலும் குதிரைமேல் அமர்ந்த மனிதரின் திறமையில் எதுவும் மாறுவதில்லை. எனில் மாறியது எது?

இவ்வினாவுக்கு விடை காண, முதலில் இக்கலையின் இயல்பை அறிதல் வேண்டும். 'டிரெஸ்ஸாஜ்' என்பது பழக்குதல், பயிற்றுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். இதில் ஓட்டப் பந்தயம் இல்லை. தடை தாண்டலும் இல்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணற்களத்தில், விளிம்பில் நடப்பட்ட எழுத்துப் பலகைகளை அடையாளமாகக் கொண்டு, குறித்த இடத்தில் குறித்த நடையைக் குதிரை வெளிப்படுத்த வேண்டும். வட்டமிடுதல், சாய்ந்து நடத்தல், நடை மாற்றுதல், அசையாது நிற்றல் என அசைவுகள் தொடரும். குதிரையைப் பழக்கி வட்டமும் வளைவும் வரச் செலுத்துவதைத் தமிழ் 'வையாளி' என்று வழங்கிற்று. திருவரங்கத்தில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் விழாவின் பெயராக அச்சொல் இன்றும் வாழ்கிறது. ஐரோப்பிய மரபிலோ இக்கலை ஒரு தனி நூல்வரிசையையே உண்டாக்கியது.

அந்நூல்வரிசையின் தலையில் நிற்பவர் கி.மு. நான்காம் நூற்றாண்டின் கிரேக்கரான செனஃபோன். குதிரைப்படையில் பணியாற்றிய அவர், தம் இளைய நண்பர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று குதிரையேற்றம் பற்றி எழுதினார். அடித்து வாங்கும் அசைவில் அழகும் இல்லை, குதிரையின் அறிவும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. 1550இல் நேப்பிள்ஸ் நகரத்து ஃபெடெரிகோ கிரிசோனே வெளியிட்ட நூல் கடுமையான தண்டனைகளைப் பரிந்துரைத்தது. பிரான்சில் பதின்மூன்றாம் லூயி மன்னனுக்குக் குதிரையேற்றம் கற்பித்த ப்ளூவினேல் அக்கடுமையிலிருந்து விலகினார். பதினெட்டாம் நூற்றாண்டில் தெ லா கெரினியேர் குதிரையின் உடலைத் தளர்த்தி வளைக்கும் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார். அவருடைய முறையை வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளி இன்றளவும் போற்றிவருகிறது. அரசரும் பிரபுக்களும் தங்கள் தகுதியை வெளிப்படுத்தும் வழியாக இக்கலை இருந்தது. அதேசமயம், அவர்களுக்கு அதைக் கற்பித்தவர்கள் கூலி பெற்ற ஆசான்கள். கற்பவன் பெருமகன், கற்பிப்பவன் பணியாள் என்ற இந்த ஏற்பாட்டிலேயே பிற்காலச் சிக்கலின் வித்து இருந்தது.

'அமெச்சூர்' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் 'நேசிப்பவர்' என்னும் பொருளுடையது. ஒரு செயலை ஊதியத்துக்காக அன்றி அதன்மேலுள்ள விருப்பத்துக்காகச் செய்பவர் என்பதே நேர்ப்பொருள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இச்சொல் ஒரு வேலியாயிற்று. 1879இல் ஹென்லி படகுப் போட்டியினர் வகுத்த விளக்கம், கைத்தொழில் செய்வோரையும் உடலுழைப்பாளரையும் அமெச்சூர் என்னும் வகையினின்று விலக்கியது. படகோட்டிப் பரிசு வென்றாரா என்பது மட்டும் அங்கே கேள்வியன்று. உடலுழைப்பால் பிழைப்பவர் என்பதே விலக்கப்படப் போதுமானதாயிற்று. நேசத்தைக் குறித்த சொல் இவ்வாறு பிறப்பையும் பிழைப்பையும் குறிக்கலாயிற்று.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் முதன்முதலாக இடம்பெற்றபோது இவ்வேலி அதனுடனேயே வந்தது. அக்காலத்தில் உயர்நிலைப் பயிற்சிக்குரிய குதிரைகளும் களங்களும் ஆசான்களும் பெரும்பாலும் குதிரைப்படைப் பள்ளிகளிலேயே இருந்தன. பிரான்சுக்குச் சோமூர், ஜெர்மனிக்கு ஹனோவர், சுவீடனுக்கு ஸ்ட்ரோம்ஸ்ஹோல்ம். அங்கே அதிகாரியும் சவாரி செய்தார். சார்ஜென்டும் சவாரி செய்தார். இருவருக்கும் சம்பளம் கொடுத்தது அரசே. ஆயினும் அதிகாரி பெருமகன் என்பதால் அவருடைய சவாரி நேசம் எனப்பட்டது. சார்ஜென்டின் சவாரி பிழைப்பு எனப்பட்டது. குதிரைகளைப் பழக்குவதில் நாளெல்லாம் செலவிட்ட கீழ்நிலை வீரரே களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். பெர்சனின் தோள்பட்டையில் 1948இல் மாறியது இந்த வகைப்பாடுதான். தங்கத்தைப் பறித்த தீர்ப்பு விதியின்படி சரியானதாக இருக்கலாம். அவ்விதியோ தன் பெயரில் இருந்த நேசத்தை எப்போதோ துறந்துவிட்டிருந்தது.

அவ்விதி நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைகள் குதிரைகளைக் கைவிட்டன. அமெரிக்கப் படைக்குழு 1948உடன் விலகியது. அதன் இடத்தைப் பொதுமக்களைக் கொண்ட குழு ஏற்றது. அதிகாரிகளை மட்டும் நம்பியிருந்தால் போட்டியே நின்றுபோகும் நிலை உருவானது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் அதிகாரியல்லாத படைவீரருக்கும் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு களமிறங்கிய பெண்கள் நால்வர். அவர்களுள் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டல்.

ஹார்டல் 1921இல் பிறந்தவர். 1943இலும் 1944இலும் தம் நாட்டின் டிரெஸ்ஸாஜ் வாகையர். 1944 செப்டம்பரில், 23 வயதில், கருவுற்றிருந்த நிலையில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயின் உடலோ பெரும்பாலும் செயலிழந்திருந்தது. ஊன்றுகோல்களுடன் நடக்க முடிந்தாலே பெரிது என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அவர் தமக்கென வேறோர் இலக்கை வைத்துக்கொண்டார்; அது மீண்டும் குதிரைமேல் அமர்வது. அதற்கான பாதையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக்கொண்டார். கையை உயர்த்துவது முதற்படி. பின்னர்த் தொடைத் தசைகளை அசைப்பது, தரையில் தவழ்வது, ஊன்றுகோல் கொண்டு நிற்பது, நடப்பது. 1947இல் ஸ்காண்டிநேவிய வாகையர் போட்டியின் பெண்கள் டிரெஸ்ஸாஜில் அவர் இரண்டாமிடம் பெற்றார். முழங்காலுக்குக் கீழே கால்கள் இறுதிவரை இயங்கவில்லை. கைகளின் வலிமையும் முழுமையாகத் திரும்பவில்லை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை தேவைப்பட்டது.

இதன் அருமையை உணர, சவாரியாளர் குதிரையுடன் பேசும் மொழியை அறிதல் வேண்டும். கடிவாளம் பிடித்த கை, விலாவைத் தொடும் கால், சேணத்தில் அமர்ந்த உடலின் எடை ஆகிய மூன்றுமே அம்மொழி. இவற்றுள் கீழ்க்காலின் அழுத்தமே குதிரையை முன்செலுத்துவதற்கும் பக்கவாட்டில் நகர்த்துவதற்கும் முதன்மையானது. ஹார்டலிடம் அது இல்லை. எனவே ஜூபிலி என்னும் அவருடைய பெண்குதிரை, இடுப்பின் சிறு அசைவையும் முதுகின் நிமிர்வையும் எடையின் இடப்பெயர்ச்சியையும் கேட்டு நடக்கப் பழகியது. புதுமொழி ஒன்றை இருவரும் சேர்ந்து கற்றனர் என்று சொல்வதே பொருந்தும். இயலாமையால் வந்த இம்முறை, இக்கலையின் பழைய ஆசான்கள் விரும்பிய நிலைக்கே அவரைக் கொண்டுசென்றது. சவாரியாளர் எதுவும் செய்யாதது போலவும், குதிரை தானே விரும்பி ஆடுவது போலவும் தோன்றுவதுதான் அவர்களுடைய இலட்சியம்.

ஹெல்சின்கியில் ஆன்றி சான் சீர் 561 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். ஹார்டல் 541.5 புள்ளிகளுடன் வெள்ளி பெற்றார். வெண்கலம் பெற்ற பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே ஜூசோமின் புள்ளி 541. இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கு இடையே அரைப்புள்ளியே வேறுபாடு. பரிசு மேடையில் ஏற ஹார்டலுக்குக் கைகொடுத்தவர் சான் சீர். பெர்சனின் பதவியைக் காரணமாக்கி 1949இல் தங்கம் பறிக்கப்பட்ட மூவரில் அவரும் ஒருவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. விலக்கு விதியால் பதக்கம் இழந்த ஒருவரும், அதே விதியால் அதுவரை நுழையவே முடியாதிருந்த ஒருவரும் ஒரே மேடையில் நின்றனர். 1956இல் ஹார்டல் மீண்டும் வெள்ளி வென்றார். மாற்றுத்திறனாளிகளின் உடல்நலத்துக்குக் குதிரையேற்றத்தைப் பயன்படுத்தும் முயற்சிகள் ஐரோப்பாவில் பரவ அவருடைய வாழ்வு தூண்டுதலாயிற்று. 1996 அட்லாண்டாவில் டிரெஸ்ஸாஜ் பாராலிம்பிக் போட்டிகளில் சேர்ந்தது. 2009இல் அவர் காலமானார்.

ஹார்டலின் படிகளைப் போலவே, டிரெஸ்ஸாஜ் பயிற்சி முழுவதும் படிகளாக அமைந்தது என்பது இக்கலையின் சிறப்பியல்பு. ஜெர்மானியக் குதிரைப்படையின் பயிற்சி ஏட்டில் வேர்கொண்டு பின்னர் வடிவம்பெற்ற பயிற்சிமுறை ஆறு படிகளைக் கூறும். நடையின் தாளம் சீராதல் முதலாவது. உடலும் மனமும் தளர்தல் இரண்டாவது. கடிவாளத்தின் வழியே கைக்கும் வாய்க்கும் மென்தொடர்பு நிலைத்தல் மூன்றாவது. பின்கால்களிலிருந்து உந்துவிசை பிறத்தல், உடல் கோணாது நேர்படுதல் ஆகியன அடுத்தவை. எடையைப் பின்கால்களில் தாங்கி முன்னுடல் இலேசாகும் ஒடுக்கம் இறுதிப்படி. நின்ற இடத்திலேயே தாளத்துடன் கால்மாற்றும் 'பியாஃப்' போன்ற அருஞ்செயல்கள் இவ்வொடுக்கத்தின் கனிகள். இவற்றைக் கோரும் 'கிராண்ட் பிரீ' நிலையில் ஆடச் சர்வதேச விதிப்படி குதிரைக்குக் குறைந்தது 8 வயது ஆகவேண்டும். மேற்படிக்குச் சென்றவரும் கீழ்ப்படிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கும். தாளம் குலைந்தால் ஒடுக்கத்துக்குப் பொருளில்லை.

மதிப்பிடும் முறையும் இதற்கு ஏற்ப அமைந்துள்ளது. ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. மொத்தம் விழுக்காடாகக் கணக்கிடப்படும். ஆகவே இருபதாவது இடத்தில் வந்தவரும் சென்ற முறை 58 பெற்று இம்முறை 61 பெற்றிருந்தால் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. அவர் வென்றது தம் நேற்றைய நிலையை. அமெரிக்க டிரெஸ்ஸாஜ் கூட்டமைப்பு 1973இல் தோன்றியது. அது வழங்கும் வெண்கல, வெள்ளி, தங்கப் பதக்கங்கள் இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அவற்றைப் பெற எவரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. வெண்கலத்துக்கு முதல் மூன்று நிலைகளிலும், நிலைக்கு இருமுறை, வெவ்வேறு நடுவர்களிடம் 60 விழுக்காடு பெற்றால் போதும். 6 என்னும் புள்ளிக்கு நடுவர் ஏட்டில் 'திருப்திகரம்' என்றே பொருள். 'மிகச் சிறப்பு' அன்று, 'திருப்திகரம்'. பகலெல்லாம் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ உழைத்து, மாலையில் லாயத்துக்குச் செல்லும் ஒருவருக்கு அந்தத் 'திருப்திகரம்' பல்லாண்டு உழைப்பின் பெயராகும். 1996இல் அங்கே தோன்றிய 'நூற்றாண்டு மன்றம்' இன்னும் எளிய ஓர் இலக்கை வைத்தது. சவாரியாளரின் வயதும் குதிரையின் வயதும் சேர்ந்து நூறோ அதற்கு மேலோ ஆகியிருந்து, இருவரும் ஒரு தேர்வை ஆடிமுடித்தால் அவர்கள் அதன் உறுப்பினர்.

ஒலிம்பிக் இயக்கம் 1970களிலும் 80களிலும் அமெச்சூர் விதியைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆனால் அச்சொல் மறையவில்லை, இடம் மாறியது. இன்று பல நாடுகளின் உள்நாட்டுப் போட்டிகளில் 'வயதுவந்த அமெச்சூர்' என்று தனிப்பிரிவு உண்டு. குதிரையேற்றத்தால் வருமானம் பெறாதவரே அதில் சேரலாம். நாளுக்குப் பத்துக் குதிரைகளைப் பழக்கும் தொழில்முறையாளரோடு வாரத்துக்கு மூன்று நாள் சவாரி செய்பவர் போட்டியிட நேராமல் காப்பது இதன் நோக்கம். அது நியாயமானதே. எனினும் பழைய நிழல் இதிலும் படிந்துள்ளது. விலையுயர்ந்த குதிரையை வாங்கிச் சிறந்த ஆசானிடம் நாள்தோறும் பயில வசதியுள்ளவர் அமெச்சூர். தம் பயிற்சிச் செலவை ஈடுகட்டப் பிறர் குதிரையைக் கூலிக்குப் பழக்கும் ஏழை இளைஞர் தொழில்முறையாளர். ஹென்லியின் விதி உழைப்பாளரை வெளிப்படையாக விலக்கியது. இன்றைய விதி அப்படி எதுவும் சொல்வதில்லை. ஆயினும் நேசத்தை வருமானமின்மையால் அளக்கும் வழக்கம், வருமானம் தேவைப்படாதவருக்கே மீண்டும் சாதகமாகிறது.

இந்தியச் சூழலில் இவ்வரலாறு தனக்குரிய வடிவத்தில் நிகழ்ந்தது. இங்கும் குதிரையேற்றம் நெடுங்காலம் படையின் கையிலேயே இருந்தது. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கங்கள் படைவீரர்களால் வந்தவை. அதன்பின் 41 ஆண்டுகள் தங்கமில்லை. 2023 செப்டம்பரில் ஹாங்சோவில் அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் சேடா, திவ்யாகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் குழுப் பிரிவில் தங்கம் வென்றனர். இப்பிரிவில் இந்தியாவுக்கு அது முதல் தங்கம். அகர்வல்லா தனிநபர் வெண்கலமும் பெற்றார்; மறு ஆண்டு பாரிசில் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியரானார். நால்வரும் சீருடை அணியாதவர்கள், இருவர் பெண்கள். 1948இன் விதியில் இருவருக்கு நுழைவே இருந்திராது. இவ்வெற்றி எவ்வகையிலும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆனால் நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள் என்பதும் உண்மை. உயர்நிலைக் குதிரை, ஆசான், அயல்நாட்டு வாழ்க்கை ஆகியவற்றின் செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் இந்நாட்டில் எத்தனை? படைப்பதவி என்னும் வாயில் திறந்தபின் அதன் உட்புறத்தில் மற்றொரு வாயில் இருப்பது தெரிகிறது.

விளையாட்டு வரலாற்றைப் பயில்வோர் பதக்கப் பட்டியலைப் படிப்பதுடன் தகுதி விதிகளையும் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே. யார் வென்றார் என்பதைப் பட்டியல் சொல்லும். யார் வெல்வதற்கு அனுமதிக்கப்பட்டார் என்பதை விதியே சொல்லும். கையை உயர்த்துவதை முதல் இலக்காகக் கொண்ட ஹார்டலின் திறமை 1952இல் திடீரென்று பிறக்கவில்லை. அதற்கு முன்னர் இருமுறை நாட்டின் வாகையராக இருந்தபோதும் அவருக்கு ஒலிம்பிக் களம் அடைபட்டே இருந்தது. அதே போல் பெர்சனின் திறமையும் அவருடைய பதவியோடு ஏறி இறங்கவில்லை.

1952இல் விதி மாறியதும் போல்டன்ஸ்டேர்ன், சான் சீர், பெர்சன் ஆகிய அதே மூவரும் மீண்டும் குழுவாகச் சென்று தங்கம் வென்றனர். 1956இல் மறுபடியும் வென்றனர். 1948இன் தங்கம் மட்டும் ஒலிம்பிக் ஏடுகளில் இன்றும் பிரான்சின் பெயரிலேயே உள்ளது.